பெட்டியை உறங்க வைத்த அண்ணாச்சி

தூத்துக்குடி மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு பொருள் சும்மா விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் தவிக்கிற மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் உறக்கம் அண்ணாச்சி.

மனிதர்கள் எவ்வளவு நேரம் விழித்திருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. பொருள்கள் விழித்திருக்கக் கூடாது. டிவியை அணைத்த பிறகும் எரிகிற சிவப்புப் புள்ளி, போனைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் சுவரில் தொங்குகிற சார்ஜர், ஆள் இல்லாத அறையில் சுற்றுகிற மின்விசிறி, இவற்றைக் கண்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றியதும் நேரே உள்ளே போய் ஃபிரிட்ஜின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, புறங்கையால். "என்னவே, இது உறங்குததே இல்லியா?" என்று வீட்டுக்காரரை விசாரித்த பிறகுதான் காபி டம்ளரை வாங்குவார். "எங்க வீட்டுல கடிகாரம் மட்டுந்தான் பயமில்லாம ஓடுது" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னதுண்டு.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் குடியிருக்கும் தெருவிலேயே வழி சொல்ல ஆள் இல்லை.

நான் நாசரேத்துக்காரி. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்த பிறகு, தூத்துக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே மக்ரூன் போடுகிற பேக்கரி, மேலே நாங்கள். மீன்பிடி வள்ளங்களில் பொருத்துவதற்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டால், அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. பெட்டியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், வள்ளம் எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி போகும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மீனவர்களுக்குப் புரிகிற தமிழில் ஒரு கையேடு எழுதுவதுதான் என் வேலை.

மொத்தம் நான்கு பேர். முதலாளி ராஜகனி சார், பெட்டிக்குள் இருக்கும் மின்பலகையைச் செய்கிற ஸ்ரீவைகுண்டத்துச் சுப்புலட்சுமி, நான், அப்புறம் அண்ணாச்சி.

முதல் நாள் மரியாதைக்கு விசாரித்தேன். "நீங்க என்ன வேல பாக்கீய அண்ணாச்சி?"

"உறங்க வைக்கேன்."

"யார?"

"ரெண்டு பேர."

ஒரு சிலிக்கான் சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. அதற்குள் இரண்டு மூளை இருக்கிறதாம். கோர் என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கத்தான் இரண்டு. அண்ணாச்சி அவற்றுக்கு மூத்தவன், இளையவன் என்று பெயர் வைத்திருந்தார். பெட்டிக்கு வேலையே இல்லாத நேரம்தான் அதிகம். அந்த நேரமெல்லாம் இரண்டும் விழித்துக் கிடந்தால் பேட்டரி இரண்டு நாளில் காலி. உறங்கினால் ஒரு மாதம் தாங்கும்.

"அதுல என்ன கஷ்டம்? உறங்குனு சொன்னா உறங்கிராதா?"

"ஒத்தயா உறங்குதது லேசுளா. ஆனா அது கோழித் தூக்கம். மூத்தவன் மட்டும் கண்ண மூடுனா வீட்டு மெயினை அணைக்க முடியுமா? இளையவன் உள்ள வேல பாத்துக்கிட்டு இருப்பான்லா? ரெண்டு பேரும் சேந்து உறங்குனாத்தான் மெயினை அணைக்கலாம். பேட்டரி மிச்சமாவதும் அப்பந்தான்."

"ஒருத்தனுக்கு மொதல்ல உறக்கம் வந்துட்டா?"

"வாசல்ல குத்த வச்சுக் காத்துக் கெடப்பான்."

எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. "அடுத்தவன் வந்துட்டான்னு இவனுக்கு எப்படித் தெரியும்? வந்தவன் மறுபடியும் திரும்பிப் போகமாட்டான்னு என்ன நிச்சயம்?"

அண்ணாச்சி சில்லை என் கையிலிருந்து எடுத்துப் பத்திரமாக டப்பாவில் வைத்தார். பிறகு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நல்ல கேள்வி. பன்னெண்டு வருசமா நானும் இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அந்தக் கேள்வியை மட்டும் அவர் அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நாங்களெல்லாம் நிம்மதியாக இருந்திருப்போம். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு நாசரேத்துக்கு அழைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் பரிசுப் பெட்டி, மனைவி சகிதம் வந்து, ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அங்கேயே எனக்கு மனசுக்குள் மணி அடித்திருக்க வேண்டும். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்க இடைவெளி வந்தது. புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சூடு. பாவம், யாரும் பேசாத நேரத்தில் எதற்கு விழித்திருக்கிறது என்று அணைத்துவிட்டார். அடுத்து எழுந்தது பாட்டுக்காரர்கள் இல்லை, சபைப் போதகரான ஐயர். கல்யாண ஜெபம் முழுவதையும் அவர் வாயசைவில்தான் நாங்கள் பார்த்தோம். கடைசி வரிசையில் இருந்தவர்கள் எதற்கு ஆமென் சொல்கிறோம் என்று தெரியாமலே ஆமென் சொன்னார்கள். மாப்பிள்ளை மட்டும் சரியான இடத்தில் தலையாட்டிவிட்டார், அதனால் கல்யாணம் செல்லும்.

"எழுப்பத் தெரியாம உறங்கப் போட்டுட்டேன்" என்று அண்ணாச்சி என்னிடம் வருத்தப்பட்டார். அணைத்ததற்கு இல்லை, சரியாக எழுப்பாததற்கு.

அடுத்து சிலேட்டு விவகாரம். மதியம் சாப்பிட நாலு பேரும் தெருமுனை மெஸ்ஸுக்குப் போவோம். ஒருவர் ஒருவராகத்தான் கிளம்புவோம். கடைசியாகப் போகிறவர் ஏசி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டும். ஆனால் யார் கடைசி என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் போன பிறகும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். அண்ணாச்சியால் இதைத் தாங்க முடியவில்லை. வாசலில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார். வெளியே போகிறவர் ஒரு கோடு போட வேண்டும். நாலாவது கோடு போடுகிறவர்தான் கடைசி, அவர் மெயினை அணைக்கலாம்.

ஒரு வாரம் பிரமாதமாக நடந்தது. எட்டாம் நாள் நான் மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டும்போது, பின்னறையில் லேண்ட்லைன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். தவறான எண். ரிசீவரை வைப்பதற்குள் குப்பென்று இருட்டு. ஷட்டர் கடகடவென்று இறங்கும் சத்தம். அக்னி நட்சத்திரம். என் கைபேசி கையில் இல்லை, முன்னால் நடந்த சுப்புலட்சுமியின் பையில் இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் ஷட்டரைத் தட்டினேன். மெஸ்ஸில் என்னைக் காணாதவர்கள், கடைக்குப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்களாம். கீழே பேக்கரிக்காரர் தங்கராஜ் அண்ணாச்சி, மாடியில் பெருச்சாளி புகுந்துவிட்டது என்று நினைத்து, கூரையைக் கம்பால் பதிலுக்குத் தட்டியிருக்கிறார். நான் தட்ட அவர் தட்ட, கொஞ்ச நேரம் கச்சேரியே நடந்தது.

ஷட்டரைத் திறந்த உறக்கம் அண்ணாச்சி, வேர்த்து ஊற்றி நின்ற என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "கோட்ட அழிச்சியா?"

"போன் அடிச்சுது அண்ணாச்சி..."

"அடிக்கட்டும். உள்ள திரும்பிப் போகையில கோட்ட அழிச்சியா இல்லியா?"

"இல்ல."

"அப்பம் தப்பு ஒம்மேலதான். நாலு கோடு இருந்துச்சு, நா அணைச்சேன். சிலேட்டு சரியாத்தான் இருக்கு." ஒரு பெருமூச்சு விட்டுச் சேர்த்துக்கொண்டார்: "எம் புரோகிராம்ல இப்படில்லாம் நடக்காது."

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

இதற்கிடையில் புன்னைக்காயலில் ஐந்து வள்ளங்களில் எங்கள் பெட்டியைச் சோதனைக்காகப் பொருத்தியிருந்தோம். அதில் ஒன்று மிக்கேல் அண்ணனுடையது. நாற்பது வயது இருக்கும். ஊரில் எல்லோரும் தயங்கியபோது, "நாம ஒண்ணு வச்சுப் பாப்போம்" என்று முதலில் கையைத் தூக்கியவர் அவர்தான்.

ஒரு நாள் காலையில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். உதடு வெடித்து, முகம் கறுத்து, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் எங்கள் பெட்டி. அதை ராஜகனி சார் மேஜை மேல் மெதுவாக வைத்தார்.

"இன்ஜின் நின்னுட்டு சார். அமுக்குனோம். வெளக்கு எரியல. திருப்பி அமுக்குனோம். நா அமுக்குனேன், எம் மச்சினன் அமுக்குனான், நாலு பேரும் மாறி மாறி அமுக்குனோம். ஒரு பகலு, ஒரு ராத்திரி, மறுநாள் உச்சி வரைக்கும் கடல் ஒழுக்கு இழுத்த பக்கமே போய்க்கிட்டு இருந்தோம். திரேஸ்புரத்து வள்ளம் ஒண்ணு தற்செயலா பாத்துச்சு. இல்லன்னா இன்னிக்கு நா இங்கன நின்னு பேசமாட்டேன்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "வீட்டுல இத இனி வள்ளத்துல ஏத்தக் கூடாதுங்கா" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனார்.

அன்று அண்ணாச்சி சாப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். பேட்டரி நிறைய இருந்தது. ஆனால் பெட்டி உறங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை. நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றிருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ஒன்றுமே நடக்காதது போல எழுந்துகொண்டது.

ராஜகனி சார் ஒரு வழி சொன்னார். "உறங்கவே விடாண்டாம் அண்ணாச்சி. முழிச்சே கெடக்கட்டும். பிரச்சன தீந்துரும்லா?"

"மூணாவது நாள் அமுக்குதவன் என்ன செய்வான் சார்? அவனுக்குப் பேட்டரியே இருக்காதே."

அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போனார். அடுத்த இரண்டு வாரம் அந்தப் பெட்டியை மறுபடியும் அதேபோல நடுவில் மாட்டிக்கொள்ள வைக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே!

மேஜை மேல் வைத்து ஆயிரம் தடவை அமுக்கினார். ஆயிரம் தடவையும் விளக்கு எரிந்தது. மேஜைக்கும் வள்ளத்துக்கும் என்ன வித்தியாசம்? ஆட்டம். வள்ளம் கவிழ்கிறதா என்று பார்க்கப் பெட்டிக்குள் ஓர் உணர்கருவி உண்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது இரண்டு கோர்களில் ஒன்றைத் தட்டி எழுப்பும். சரி, ஆட்டிப் பார்ப்போம் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் துறைமுகத்துக்கும் பழைய பஸ் நிலையத்துக்குமாக நாள் முழுக்கப் போய்வந்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம் சிவப்புப் பொத்தானை அமுக்குகிற மனிதருக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? ஆட்டோக்காரர் மூன்றாவது சவாரியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அப்புறம் பேக்கரி. மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கிற மெஷின், கட்டடமே அதிரும்படி ஓடும். தங்கராஜ் அண்ணாச்சி முந்திரி வாங்கப் போன நேரம் பார்த்து, உறக்கம் அண்ணாச்சி அதன் தலையில் பெட்டியைக் கயிற்றால் கட்டினார். கயிறு பத்து நிமிஷம் தாங்கியது. தங்கராஜ் அண்ணாச்சி திரும்பி வந்தபோது, மலை மாதிரி நின்ற வெள்ளை நுரைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"வே! முட்டைக்குள்ள என்னத்தவே போட்டீரு?"

"பெட்டிவே. கவலப்படாதீரும், உள்ள தண்ணி ஏறாது."

"பெட்டிக்குள்ள ஏறாது. எம் முட்டைக்குள்ள என்ன ஏறிச்சுன்னு சொல்லும்!"

அன்று சந்துக்கே மக்ரூன் கிடையாது. அத்தனைக்கும் பெட்டி மாட்டிக்கொள்ளவில்லை. விளக்கு ஒழுங்காக எரிந்தது. அண்ணாச்சி விரலில் ஒட்டியிருந்த நுரையைப் பார்த்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "மெஷினு ஒழுங்கா ஆடுது. கடலு ஒழுங்கா ஆடாது. கடலுக்குத்தான் போவணும்."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அண்ணாச்சி தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பது வயதுவரை கடலில் கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால்கூட, சுண்டல்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டு, அங்கிருந்தே கடலைப் பார்க்கிறவர்.

புன்னைக்காயலுக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். அண்ணாச்சி, சுப்புலட்சுமி, நான். மிக்கேல் அண்ணன் முதலில் முடியவே முடியாது என்றார். "பெட்டி ஏறாது. ஒங்கள வேணா ஏத்திக்கிடுதேன்."

"நானும் பெட்டியும் ஒண்ணுதான். எது செத்தாலும் நீங்க என்னயத்தான் கேக்கணும்" என்றார் அண்ணாச்சி.

மிக்கேல் அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மிதவைச் சட்டை, அதற்கு மேல் மழைக்கோட்டு, இரண்டு சட்டைப்பையிலும் எலுமிச்சம்பழம், பாலிதீனில் சுற்றி இடுப்போடு கயிற்றால் கட்டிய லேப்டாப். "நாங்க மீன் புடிக்கப் போறோமா, ஒங்களப் புடிக்கப் போறோமா அண்ணாச்சி?" என்றார். ஆனால் கையை நீட்டி ஏற்றிக்கொண்டார்.

கடலில் நடந்ததை மிக்கேல் அண்ணனின் மச்சினன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முகத்துவாரம் தாண்டியதுமே காலைச் சாப்பாடு போய்விட்டதாம். அப்புறம் முந்தின நாள் சாப்பாடு. அதற்கப்புறம் வந்ததெல்லாம் போன வருஷத்துச் சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்றான். இத்தனைக்கும் நடுவில் அமுக்குவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. வாந்தி, அமுக்கு, லேப்டாப்பைப் பார், வாந்தி. மூன்று மணி நேரம். திடீரென்று எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாராம்:

"செத்துட்டு! செத்துட்டு!"

மச்சினன் சிலுவை போட்டுக்கொண்டான். மனுஷர் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். மிக்கேல் அண்ணன் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்.

"திருப்பாதீய! நிப்பாட்டுங்க! எப்படிச் செத்துச்சுன்னு நா பாக்கணும்!"

கரையில் காத்திருந்த எங்களுக்கு முதலில் தெரிந்தது, தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த பெட்டிதான். வள்ளம் தரை தட்டுவதற்கு முன்பே அண்ணாச்சி குதித்துவிட்டார். மார்பு வரை தண்ணீர். அதை அவர் கவனிக்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"ஏளா, கோட்ட அழிச்சியா?"

வெயிலில் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். "எந்தக் கோட்ட அண்ணாச்சி?"

"சிலேட்டுல போட்ட கோடு. போன் அடிச்சுதுன்னு உள்ள போனியே, அழிச்சியா?"

"இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே."

"அவனும் அழிக்கல!"

ஈரத்தோடு மணலில் உட்கார்ந்து விரலால் இரண்டு கோடு கிழித்தார். மூத்தவன் உறங்க வருகிறான், கோடு போடுகிறான். இளையவனுக்காகக் காத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஓர் அலை அடிக்கிறது, உணர்கருவி அவனைத் தட்டுகிறது. வேலை வந்துவிட்டதே என்று அவன் உள்ளே திரும்பிப் போகிறான். கோடு அப்படியே நிற்கிறது. அப்போது இளையவன் வந்து தன் கோட்டைப் போட்டுவிட்டுப் பார்க்கிறான். இரண்டு கோடு. எல்லோரும் வந்தாயிற்று என்று மெயினை அணைத்துவிடுகிறான். மூத்தவன் பாதி வேலையோடு இருட்டுக்குள் மாட்டிக்கொள்கிறான். வெளியே யார் எத்தனை தடவை தட்டினாலும் திறக்க ஆள் இல்லை. இத்தனையும் நடப்பது கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கில். அதனால்தான் மேஜை மேல் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

"அந்த எடத்த எழுதுனது நாந்தான்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "திரும்பிப் போறவன் கோட்ட அழிக்கணும்னு நா எழுதல."

எழுந்து மிக்கேல் அண்ணனிடம் போனார். வலை பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தப்பு எம்மேலதான் மிக்கேலு. பெட்டி மேலயும் இல்ல, நீங்க அமுக்குனதுலயும் இல்ல. நா எழுதுன எழுத்துலதான் இருக்கு. நீங்க நாலு பேரும் பட்ட பாட்டுக்கு நாந்தான் காரணம்."

மிக்கேல் அண்ணன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மிக்கேல் அண்ணன் கேட்டார்: "சரி பண்ணிருவீயளா?"

"பண்ணிருவேன்."

"பண்ணிட்டு நீங்களே கொண்டு வாங்க. நீங்க கூட வந்தா ஏத்துதேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணாச்சி என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆத்தூர் தாண்டியதும் தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"ஒன்ன உள்ள வச்சுப் பூட்டுனதுக்கு நா மன்னிப்பே கேக்கலேல்லா?"

"கேக்கல அண்ணாச்சி."

"கேட்டுருந்தா, இவ எப்படி மாட்டுனான்னு அன்னிக்கே ஒக்காந்து யோசிச்சிருப்பேன். மிக்கேலு கடலுக்குப் போறதுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கும். தப்பு ஒம்மேலதான்னு சொல்லிட்டு வேலயப் பாக்கப் போயிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "தப்புத்தாம்ளா" என்றார்.

நான் ஜன்னல் வழியாக வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றே நாளில் மாற்றி எழுதினார். இப்போது கோடு போட்டால் மட்டும் போதாது. இரண்டு கோடும் விழுந்த பிறகு, மெயினை அணைப்பதற்கு முன் இருவரும் ஒரு நொடி நின்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். யாரேனும் ஒருவனை வேலை அழைத்திருந்தால் இரண்டு பேருமே கோட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே சட்டத்தை அலுவலகத்துக்கும் கொண்டுவந்தார். சாப்பிடப் போகுமுன் கடைசி ஆள் வாசலில் நின்று, "உள்ள யாரும் இருக்கியளா?" என்று மூன்று தடவை கத்த வேண்டும். கீழேயிருந்து தங்கராஜ் அண்ணாச்சி தினமும் தவறாமல், "நா இருக்கேன்வே!" என்று பதில் கொடுப்பார்.

சொன்னபடியே அண்ணாச்சி மூன்று வாரம் மிக்கேல் அண்ணனோடு கடலுக்குப் போனார். பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை. முதல் நாள் போலவே கடைசி நாளும் வாந்தி எடுத்தார். வாந்திக்கு நடுவே அமுக்கினார். விளக்கு ஒவ்வொரு தடவையும் எரிந்தது. நாலாவது வாரம், அவர் போகாத ஒரு நாளில், மிக்கேல் அண்ணன் தாமாகவே பெட்டியை வள்ளத்தில் மாட்டிக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஊரில் பாதி வள்ளங்களில் பெட்டி ஏறியது.

ஆறேழு மாதம் கழித்து, வாடைக்காற்று பலமாக இருந்த ஒரு மதியம். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ராஜகனி சாருக்குப் போன் வந்தது. புன்னைக்காயலில் வேறொரு வள்ளம். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர். பெட்டியை அமுக்கியிருக்கிறார்கள், கரைக்குச் செய்தி வந்திருக்கிறது, ஆள் போய் இழுத்து வந்துவிட்டார்கள்.

அண்ணாச்சி கேட்டார்: "எத்தனாவது அமுக்குல வந்துச்சாம்?"

சார் போனில் விசாரித்துச் சொன்னார்: "மொத அமுக்குலயே."

அண்ணாச்சி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மெஸ்காரரிடம், "ரசத்துல மொளகு கூடுதல்" என்று சண்டை போட்டார். அன்றைக்கு அவர் ரசமே வாங்கவில்லை.

அந்த வாரம்தான் என் கையேட்டை அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில், எல்லாக் கம்பெனிகளும் போடுவது போல, பெட்டி வேலை செய்யாததால் வரும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அண்ணாச்சி படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் அடித்தார். அந்த இடத்தில் பத்து இலக்கம் எழுதினார். அவருடைய சொந்தக் கைபேசி எண்.

"என்ன அண்ணாச்சி இது? ஊரே கூப்பிடுமே!"

"கூப்பிடட்டும்."

கூப்பிட்டது. இன்றுவரை கூப்பிடுகிறது. பெட்டிக்காக மட்டும் இல்லை. டிவி தெரியவில்லை, மகனுக்கு எந்தக் காலேஜ் நல்லது, நாளைக்குக் காற்று எப்படி இருக்கும், எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்வதற்காகவாவது அவர் எடுத்துவிடுவார்.

நான் அந்த வேலையை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. கையேட்டில் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. போன வாரம் ஒரு மத்தியான வேளையில், மனசு சரியில்லாமல், காரணம் எதுவும் தோன்றாமலே கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தார்.

"சொல்லுளா, என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மாதான்."

"சரி" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.